‘கலியரசன்’ கொடுத்த பட்டா

கி.பி. 408. ரோம் நகரத்தை முற்றுகையிட்டு உட்கார்ந்திருக்கிறான் அலாரிக். விசிகோத் என்கிற ஜெர்மானியக் கூட்டத்தின் ராஜா. “விலகிப் போக என்ன வேண்டும்?” என்று கேட்டு வந்த தூதர்களிடம் அவன் நீட்டிய பட்டியலைப் பாருங்கள்: 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டு அங்கிகள்... கூடவே 3,000 பவுண்டு மிளகு! கிட்டத்தட்ட ஒரு டன். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் காய்த்துக் கப்பலேறிய சரக்கு. கேட்டது கிடைத்தும் அவன் அடங்கவில்லை. 410-இல் ரோமுக்குள்ளேயே புகுந்து மூன்று நாள் சூறையாடினான். ‘காட்டுமிராண்டி’ என்ற பட்டம் அந்த இனத்துக்கே ஒட்டிக்கொண்டது.

சரி, மிளகு அங்கே போய்க்கொண்டிருந்த காலத்தில் இங்கே மதுரை யார் கையில் இருந்தது? ‘களப்பிரர்... இருண்ட காலம்’ என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இரண்டு மார்க் கேள்வி. அதோடு சரி!

இந்தக் கெட்ட பெயருக்கு முக்கியமான சாட்சி, வேள்விக்குடிச் செப்பேடு. பழைய பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமி தானமாகக் கொடுத்த ஊரைக் களப்பிரன் என்னும் ‘கலியரசன்’ பிடுங்கிக்கொண்டான், கடுங்கோன் வந்து களப்பிரரை ஒழித்தான் என்கிறது அது. கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போடுங்கள். கடுங்கோன் காலம் சுமார் 590. செப்பேடு வெட்டப்பட்டது சுமார் 770. நடுவில் 180 வருஷம்! அதுவும், ‘அந்த ஊர் எங்க முன்னோருடையது’ என்று பாண்டியன் நெடுஞ்சடையனிடம் முறையிட்டு, ஊரைத் திரும்ப வாங்கியவருக்காக எழுதிய பத்திரம். நிலத் தகராறில் ஒரு கட்சிக்காரர் தரும் வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு காலத்துக்கே ‘இருட்டு’ என்று தீர்ப்பு எழுதலாமா?

எதிர்க்கட்சியின் வாக்குமூலம் 1979-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. திண்டுக்கல் நாகல் நகரில் பஸ் ஏறி, நத்தம், சிங்கம்புணரி என்று கிழக்கே போனால், சிவகங்கை மாவட்டத்தில் பூலாங்குறிச்சி. அங்கே ஒரு பாறைச் சரிவில் பெரிய பெரிய கல்வெட்டுகள். பிராமி எழுத்து மெல்ல வட்டெழுத்தாக வளைய ஆரம்பித்திருக்கிற பருவம். ஐந்தாம் நூற்றாண்டு என்பது பலருடைய கணிப்பு. ராஜாவின் பெயர் சேந்தன் கூற்றன். இவன் களப்பிரன்தான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள், மறுப்பவர்களும் உண்டு.

பாறை என்ன சொல்கிறது? மலைமேல் தேவகுலம் கட்டிய செய்தி. தவசிகள் தங்கும் தாபதப் பள்ளி. மதுரையில் ஒரு கோட்டம். அதெல்லாம் கிடக்கட்டும், பிரமதாயம் வருகிறது ஐயா, பிரமதாயம்! பிராமணருக்கு விட்ட நிலத்தில் மேலுரிமை யாருக்கு, உழுகிற உரிமை யாருக்கு என்று பக்குவமாகப் பிரித்துப் பேசுகிறது கல்வெட்டு. மேலுரிமைக்கு ‘மிய்யாட்சி’, உழவுரிமைக்குக் ‘காராண்மை’. ஒரு வேள்விக்குடியைப் பிடுங்கியது நிஜமாகவே இருக்கலாம். எந்த ராஜாதான் பிடுங்கவில்லை? ஆனால் தானம் என்றாலே ஆகாத கும்பல் என்ற கதை, சேந்தன் கூற்றன் களப்பிரன் என்றால், இந்தப் பாறையில் மோதி உடைகிறது.

காவிரிக் கரையிலிருந்து இன்னொரு குரல். புத்ததத்தர் என்கிற பிக்கு, பாலி மொழியில் தான் எழுதிய நூலைக் களப்பிர குலத்து அச்சுத விக்கந்தன் ஆட்சியில் எழுதியதாகக் குறிப்பிடுகிறார். இருட்டில் உட்கார்ந்தா எழுதினார்?

இப்போது மறுபடி விசிகோத்துகளிடம் போவோம். அதே பெயரில் இன்னொரு ராஜா, இரண்டாம் அலாரிக். பிரான்ஸின் தெற்கையும் ஸ்பெயினின் பெரும்பகுதியையும் ஆண்டவன். 506-இல் அவன் செய்த காரியம், தன் ஆட்சியில் இருந்த ரோமானியக் குடிகளுக்காக ரோமானியச் சட்டங்களையே தொகுத்துக் கொடுத்தது! மறு வருஷமே பிராங்க் ராஜா குளோவிஸ் அவனைப் போரில் கொன்றுவிட்டான். அவன் கதையை விரிவாக எழுதியது, பிராங்குகள் ஆண்ட நாட்டில் இருந்த கிரிகோரி என்ற பிஷப். விசிகோத்துகளின் கிறிஸ்தவமே வேறு பிரிவு. பிஷப் நல்லதாக எழுதுவாரா என்ன? ஆனால் அந்தச் சட்டத் தொகுப்பு பிராங்குகளின் ஆட்சியிலும் பல நூற்றாண்டு புழங்கியது.

இங்கேயும் அப்படித்தான். கடுங்கோனின் வாரிசுகளான பாண்டியர்கள் பின்னால் வெளியிட்ட தானச் செப்பேடுகளை எடுத்துப் பாருங்கள். காராண்மை, மீயாட்சி... பூலாங்குறிச்சிப் பாறையில் இருக்கிற அதே வார்த்தைகள்!