அடுப்பிலிடச் சொன்ன கடிதம்

இலக்கிய வரலாற்றில் நகைச்சுவையாளனுக்குப் பெரும்பாலும் பின்வரிசையிலேயே இடம் கிடைக்கின்றது. அவனைப் படித்துச் சிரித்தவர்களே, சிரித்து முடிந்ததும் அவனைச் சிறியவனாக மதிப்பர். மார்க் ருவெயின் என்ற புனைபெயரால் உலகறிந்த சாமுவெல் கிளெமென்ஸ் (1835–1910) தம்மைப் பற்றித் தாமே அவ்வாறு எண்ணியவர். அவருடைய நாவல்களைப் படித்து மகிழ்ந்த நம்மிற் பலர், இவ்வுண்மையைக் கூறும் அவருடைய கடிதங்களைப் படித்ததில்லை.

1865 ஒக்ரோபரிற் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தமையன் ஓரியனுக்கும் அண்ணிக்கும் அவர் எழுதிய கடிதம் இவ்வகையில் முதன்மையானது. அப்போது அவருக்கு வயது 29. மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல் செலுத்திய தொழிலை உள்நாட்டுப் போர் பறித்துவிட்டது. நெவாடாவில் வெள்ளி தேடிய முயற்சியும் பொய்த்தது. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்து வந்தார். வாழ்க்கையில் தமக்கு இரண்டே பேராசைகள் இருந்தன என்கிறார். ஒன்று கப்பல் செலுத்துவது. மற்றது சமய போதகராவது. பின்னையது கைகூடாமைக்குக் காரணம், அத்தொழிலுக்கு வேண்டிய மூலதனமாகிய சமயப்பற்றுத் தம்மிடம் இல்லாமையே என்கிறார்! போதகருக்கு இறைவனின் அழைப்பு வருவதுபோலத் தமக்கு இலக்கியத்தின் அழைப்பு உண்டென்றும், ஆனால் அது தாழ்ந்த தரத்ததாகிய நகைச்சுவைக்கான அழைப்பே என்றும் எழுதுகிறார். மூன்று மாதங்களிற் கடன் தீராவிடின் துப்பாக்கியோ நஞ்சோதான் வழி என்ற வரியும் அதில் உண்டு. அது வெறும் வேடிக்கையென்று என்னால் வாசிக்க முடியவில்லை. இறுதியிற் கடிதத்தை அடுப்பிலிடச் சொல்கிறார். தாம் இறந்தபின் தம் கடிதங்களை எவரும் அச்சிடுவதை அவர் விரும்பவில்லை. நல்லவேளையாக அது எரிக்கப்படவில்லை. அடுத்த மாதமே, துள்ளும் தவளை பற்றிய அவருடைய சிறுகதை நியூயோர்க் இதழொன்றில் வெளிவந்து அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

புகழும் செல்வமும் சேர்ந்தன. கடனும் மீண்டும் வந்தது. அச்செழுத்துக் கோக்கும் இயந்திரமொன்றில் அவர் இட்ட பெருந்தொகை வீணாயிற்று. அவருடைய பதிப்பகம் 1894 ஏப்ரிலில் முறிந்தது. கடன்காரர் பலர் பாதித்தொகையுடன் அமையவும் ஆயத்தமாயிருந்தனர். எனினும் அவரும் மனைவி ஒலிவியாவும் முழுத்தொகையையும் செலுத்தத் துணிந்தனர். அதற்கு வழி, தாழ்ந்ததென அவர் கருதிய அதே நகைச்சுவைதான். 1895 யூலையில், ராசபிளவையால் வருந்தியவாறே, உலகெங்கும் மேடையேறிச் சிரிக்கவைக்கும் பயணத்தைத் தொடங்கினார். ஒலிவியாவும் மகள் கிளாராவும் உடன் சென்றனர். மூத்த மகள் சூசியும் இளையவள் ஜீனும் அமெரிக்காவில் தங்கினர்.

அப்பயணத்தின்போது 1896 சனவரியில் அவர் கொழும்பிலும் இறங்கினார். வீதியிற் கண்ட ஆடைகளின் வண்ணத்தில் மயங்கிய அவர், ஐரோப்பிய உடை அணிவிக்கப்பட்டு வரிசையாக வந்த மிசன் பாடசாலைச் சிறுமியரைக் கண்டு மனம் நொந்ததைத் தம் பயண நூலில் எழுதியுள்ளார். இங்கு நகைக்கப்படுபவர் அச்சிறுமியரல்லர், அவர்களுக்கு அவ்வுடையை அணிவித்தவர்களே என்பது நோக்கற்பாலது. தாழ்ந்த தரத்தது என்று சொல்லத்தக்க நகைச்சுவையா இது?

பயணம் முடிந்து இங்கிலாந்திலே தங்கியிருந்தபோது சூசி நோயுற்ற செய்தி வந்தது. தாயும் கிளாராவும் கப்பலேறினர். அவர்கள் கரை சேருமுன், 1896 ஆகத்து 18இல், மூளைக்காய்ச்சலாற் சூசி இறந்தாள். வயது 24. தந்தைக்கு அச்செய்தி தந்தி வாயிலாகவே கிடைத்தது.

அத்துயரின் நடுவேதான் கடனுக்காகப் பயண நூலை எழுதி முடிக்க வேண்டியிருந்தது. 1897 தொடக்கத்திலே மதகுருவான நண்பர் ருவிச்செல்லுக்கு எழுதுகையில், பாய் விரித்துக் கொடி பறக்கப் புறப்பட்ட தம் குடும்பம் இப்போது திசையறியாது மிதக்கும் கைவிடப்பட்ட கப்பலாயிற்று என்கிறார். ஒருகாலத்தில் ஆற்றின் ஆழமறிந்து கப்பல் செலுத்தியவர் அவர். கடன் 1898 தொடக்கத்தில் முற்றாகத் தீர்ந்தது.

1897 பெப்ரவரியில் எழுத்தாளர் ஹவெல்ஸுக்கு எழுதிய கடிதம் 1865ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு மறுமொழி போல அமைகின்றது. தாம் உயிரற்ற களிமண் உருவமாகிவிட்டதாகவும், அவ்வாறிருந்தும் தமக்குள் எதுவோ எழுதுகிறது, வேடிக்கைகளைக் கற்பனை செய்கிறது, அவற்றைச் சொல்லாக்குவதில் இன்பமும் காண்கிறது, அது எதுவென்று தமக்கே விளங்கவில்லை என்றும் அதில் எழுதுகிறார்.