துப்பாக்கி மாற்றுச் சாதன வழக்குகள் (அமெரிக்கா)

ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரே ஒரு தோட்டா பாயும் துப்பாக்கியை, விரலை எடுக்கும்வரை தோட்டாக்களைப் பொழியும் துப்பாக்கியாக்கும் சிறு உறுப்பு ‘மாற்றுச் சாதனம்’ எனப்படும். அமெரிக்காவில் இதைச் சட்டவிரோதமாக வைத்திருப்போர்மீது மாநில அரசுகள் மட்டுமல்லாமல் கூட்டாட்சி அரசும் வழக்குத் தொடுக்கிறது. கிளாக் வகைக் கைத்துப்பாக்கியின் பின்புறத்தில் பொருத்துவதைத் தெருவில் ‘ஸ்விட்ச்’ என்பார்கள்; ரைஃபிளுக்கானது ‘ஆட்டோ சியர்’. ஸ்விட்ச் ஒரு நாணய அளவுதான் இருக்கும். அதைப் பொருத்தினால் நிமிடத்துக்கு 1,200 தோட்டாக்கள் வரையிலான வேகம் வந்துவிடும். 17 தோட்டாக்கள் கொண்ட மேகசின் ஒரு விநாடிக்குள் தீர்ந்துவிடும்.

இவ்வழக்குகளில் புதிதாகப் படிப்பவரைத் திகைக்க வைப்பது ‘இயந்திரத் துப்பாக்கி’ என்பதற்குச் சட்டம் தரும் வரையறை. 1934-ஆம் ஆண்டின் தேசியச் சுடுகருவிச் சட்டம், மதுவிலக்குக் காலக் கொள்ளைக் கும்பல்களின் துப்பாக்கிகளை மனத்தில் வைத்து, பதிவையும் 200 டாலர் வரியையும் கொண்டுவந்தது. 1968-இல் அந்த வரையறை விரிந்தது. சாதாரணத் துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கியாக்குவதற்கென்றே செய்யப்பட்ட உறுப்பும் இயந்திரத் துப்பாக்கிதான் என்று ஆகிவிட்டது. ஆகவே வீட்டில் துப்பாக்கியே இல்லாவிட்டாலும், மேசை இழுப்பறையில் ஒரு ஸ்விட்ச் கிடந்தால் போதும், இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்ததாக வழக்கு நிற்கும்.

1986 மே 19 அன்று அதிபர் ரேகன் கையெழுத்திட்ட சட்டம் கடைசிக் கதவையும் சாத்தியது. அந்நாளுக்கு முன் முறையாகப் பதிவானவை தவிர, புதிய இயந்திரத் துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருக்க முடியாது. அரசு அமைப்புகளுக்கு மட்டுமே விலக்கு. இதிலிருந்து ஒரு முரண் பிறந்தது. பதிவு செய்யவில்லை என்பது 1934 சட்டப்படி குற்றம். பதிவு செய்யப் போனாலோ 1986 சட்டம் இடம் தராது. செய்யவே முடியாத ஒன்றைச் செய்யவில்லை என்று தண்டிப்பது நியாயமா என்று கேட்டு, பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992-இல் ஒரு தண்டனையை ரத்து செய்தது. வேறு சில வட்ட நீதிமன்றங்கள் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 1986 தடையின்கீழ் குற்றம் சாட்டினால் அரசு வழக்கறிஞருக்கு இந்தச் சிக்கலே இல்லை.

இரு சட்டங்களின்படியும் உச்சபட்ச தண்டனை 10 ஆண்டுகள். கூட்டாட்சிச் சிறையில், 1987 நவம்பருக்குப் பிந்தைய குற்றங்களுக்குப் பரோல் கிடையாது. போதைப்பொருள் கடத்தலிலோ வன்முறைக் குற்றத்திலோ அக்கருவி பயன்பட்டிருந்தால் குறைந்தபட்சமே 30 ஆண்டுகள். உள்ளூர்ப் போலீசாரின் வாகனச் சோதனையில் சிக்குகிற ஒரு பிளாஸ்டிக் துண்டு கூட்டாட்சி நீதிமன்றம் வரை போவதற்கு இந்தக் கடுமையும் ஒரு காரணம்.

ஆனால் பொருள் கையில் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. ஏஆர்-15 ரைஃபிள் ஒன்று தானாகச் சுடும்படி மாற்றப்பட்டிருந்தது தனக்குத் தெரியாது என்று ஒருவர் தொடுத்த மேல்முறையீட்டில், 1994-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கருவியின் எந்தத் தன்மை அதை இயந்திரத் துப்பாக்கியாக்குகிறதோ, அந்தத் தன்மை குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும். சட்டம் தெரியாது என்பது மட்டும் தப்பிக்க உதவாது.

அதனால்தான் விற்பவர்கள் பொருளுக்கு வேறு பெயர் சூட்டப் பார்க்கிறார்கள். மேற்கு வர்ஜீனியாவில் 2020-இல் வழக்கில் சிக்கிய ஒருவர் முப்பரிமாண அச்சில் செய்த ஆட்டோ சியர்களைச் ‘சுவரில் மாட்டும் கொக்கி’ என்று இணையத்தில் விற்றார். ஃபுளோரிடா வழக்கு இதைவிடச் சுவையானது. அங்கே விற்கப்பட்டது கடன் அட்டை அளவுள்ள எஃகுத் தகடு. அதன்மேல் மாற்று உறுப்பின் வடிவம் கோடுகளாகப் பொறிக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். வெட்டப்படாத கோடு வெறும் படம், படம் வரைவது பேச்சுரிமை என்று குற்றம்சாட்டப்பட்ட தரப்பினர் வாதாடினார்கள். 2023-இல் ஜாக்சன்வில் நடுவர் குழு அதை ஏற்கவில்லை. விற்றவருக்கும், தம் யூடியூப் சேனலில் விளம்பரம் செய்தவருக்கும் ஐந்தாண்டு அளவில் சிறை கிடைத்தது. வாதம் முழுக்க அபத்தம் என்று சொல்லிவிட முடியாது; தகடு எப்போது உறுப்பாகிறது என்பது உண்மையிலேயே வழுக்கலான கேள்வி.

2017 முதல் 2021 வரை இத்தகைய 5,454 சாதனங்கள் கைப்பற்றப்பட்டதாக, சுடுகருவிச் சட்டங்களை அமல்படுத்தும் ஏடிஎஃப் அமைப்பு கணக்குக் காட்டியது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் 814 மட்டுமே. மலிவான முப்பரிமாண அச்சு இயந்திரங்களும், வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் பொட்டலங்களும் இப்பெருக்கத்துக்கு வழிவிட்டன. 2022 ஏப்ரலில் சாக்ரமென்டோ நகர மையத்தில் 6 பேர் கொல்லப்பட்ட இடத்தில், தானாகச் சுடும்படி மாற்றப்பட்ட கைத்துப்பாக்கி ஒன்று கிடைத்தது.

லாஸ் வேகாஸ் துப்பாக்கிச்சூட்டுப் படுகொலைக்குப் பின் தடை செய்யப்பட்ட, துப்பாக்கியின் பின்னதிர்வைக் கொண்டு விசையை விரலில் மீண்டும் மீண்டும் மோதவைக்கும் ‘பம்ப் ஸ்டாக்’ வேறு வகை. அதில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் விசை தனித்தனியே இயங்குகிறது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் 6-3 என்ற கணக்கில் அத்தடையை நீக்கியது. ஒரே அழுத்தலில் பல தோட்டாக்கள் பாயச்செய்யும் ஸ்விட்சை அத்தீர்ப்பு தொடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், கான்சாசின் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் வேறு வழியில் போனார். ஆயுதம் தாங்கும் உரிமை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அளவுகோலை (கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்திருக்க வேண்டும் என்பதை) வைத்து, ஓர் இயந்திரத் துப்பாக்கியும் ஒரு ஸ்விட்சும் வைத்திருந்தவர் மீதான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தார். அரசு மேல்முறையீடு செய்தது.