காலி ஜாடிகள்

வாட்ஸப்பில் வந்த அழைப்பு இதுதான்: 'தென்னேரி டூ அரிக்கமேடு. ரோமானிய இடிபாடுகள். வழிகாட்டியுடன் ஒருநாள் மரபு நடை. மாலையில் கள்.' கடைசி வார்த்தைக்காகவே பாதிப் பேர் பெயர் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் 1987லிருந்து கள்ளுக்குத் தடை. புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் கள்ளுக்கடை இருக்கிறது. வேன் காலை ஐந்தரைக்கு ஏரிக்கரையில் நிற்கும் என்றார்கள். நான் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது வருஷமாகப் பட்டு நெய்தவர். இப்போது கண் பார்வை குறைந்து தறியை விட்டுவிட்டார்.

"ரோமாபுரின்னா இயேசு கதைல வருமே, அந்த ரோமாபுரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவன் எதுக்குடா பாண்டிச்சேரிக்கு வந்தான்?"

நாள் முழுக்க எங்களோடு வந்தது இந்தக் கேள்விதான்.

வேன் கிளம்பிய இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். தென்னேரி என்பது 'திரையன் ஏரி' மருவியது என்பார்கள். அந்தத் திரையன், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் அவன்தான். பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். 500 அடிப் பாட்டு. நச்சினார்க்கினியர் உரையில் ஒரு கதை வருகிறது. சோழனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த பிள்ளை, தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடப்பட்டவன், திரை கொண்டுவந்து சேர்த்ததால் திரையன். கதை கதைதான். ஆனால் கடலிலிருந்து நாற்பது ஐம்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஓர் ஏரிக்கு அலையின் பெயர் இருக்கிறது. இந்தக் கரையில் சைக்கிள் விட்டே வளர்ந்த எனக்குக் கல்லூரிக்குப் போகும்வரை இது தெரியாது.

அதே பாட்டில் நீர்ப்பெயற்று என்றொரு துறைமுகம் வருகிறது. மேற்கிலிருந்து குதிரைகளையும் வடக்கிலிருந்து பண்டங்களையும் கொண்டுவரும் கப்பல்கள், இரவில் அவற்றுக்கு வழிகாட்டும் உயரமான விளக்கு, எல்லாம் அதில் இருக்கின்றன. கடல் வணிகம் எங்கள் ஏரிக்கு ஒன்றும் அந்நியமில்லை. நாங்கள்தான் அதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வேன் பிடித்துப் போனோம்.

செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம். நடுவில் ஒரு இடத்தில் இட்லி. புதுச்சேரியைத் தாண்டித் தெற்கே, காக்காயந்தோப்புப் பக்கம், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இறங்கினோம். மாமரம், தென்னை, வேலி, தொல்லியல் துறையின் போர்டு. மரங்களுக்கு நடுவே பழைய செங்கல் சுவர்கள் பாதி இடிந்து நிற்கின்றன. எல்லாரும் செல்போனை எடுத்துவிட்டார்கள். ஒரு தம்பி சுவரில் சாய்ந்து, கையைக் கட்டி, ஜூலியஸ் சீசர் மாதிரி போஸ் கொடுத்தான்.

வழிகாட்டி இளைஞர் பொறுமையாக நின்றார். எல்லாரும் படம் எடுத்து முடித்ததும் சொன்னார். "இது ரோமன் இல்லீங்க. 18ஆம் நூற்றாண்டுல பிரெஞ்சு பாதிரிமாருங்க கட்டின குருமடம். ரோமன் எதுவும் தரைக்கு மேல கெடையாது. தோண்டின குழியெல்லாம் அப்பவே மூடிட்டாங்க."

நிஜமாகவே ஒருத்தர் "அப்ப எதுக்கு வந்தோம்?" என்று கேட்டுவிட்டார்.

நியாயமான கேள்வி. அரிக்கமேட்டில் தூண் இல்லை, அரங்கம் இல்லை. 1937 வாக்கில் பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய் இந்த இடத்தின் முக்கியத்துவத்தைக் கண்டுகொண்டார். அடுத்து 1940களில் சுர்லோ, ஃபோஷே என்ற இருவர் தோண்டினார்கள். 1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், எழும்பூர் மியூசியத்தில் ஒரு உடைந்த ஜாடியைப் பார்த்தார். அது ஆம்போரா. மத்தியதரைக் கடல்காரர்கள் ஒயினும் எண்ணெயும் ஏற்றும், கூர்அடி வைத்த இரட்டைப்பிடி ஜாடி. புதுச்சேரி மண்ணில் கிடைத்தது என்று தெரிந்ததும் உடனே இங்கே வந்துவிட்டார். இங்கே சேர்த்து வைத்திருந்த துண்டுகளுக்கு நடுவே செக்கச்செவேலென்று வழுவழுப்பான ஓட்டுச் சில்லுகள். இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் சட்டிகள். 1945இல் தோண்ட ஆரம்பித்தார்.

வீலருக்கு என்ன இவ்வளவு அவசரம்? அவருக்கு வேண்டியது ரோமாபுரி இல்லை, கடிகாரம். தென்னிந்தியாவில் மண்பானை ஓடுகள் மலைமலையாகக் கிடைத்தன. எது எந்த நூற்றாண்டு என்று சொல்ல வழியில்லை. கார்பன் முறை அப்போது வரவில்லை. ஆனால் அரெட்சோ சட்டி எப்போது செய்யப்பட்டது, எப்போது நின்றது என்பது இத்தாலியில் அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவோடு அது வருவது நின்றுவிடுகிறது. அந்தச் சட்டி கிடைத்த அடுக்கில் நம் ஊர்ப் பானையும் கிடைத்தால், நம் பானைக்கும் அதே வயது. இங்கிருந்து தொடங்கி, இரண்டு வருஷம் கழித்து கர்நாடகத்தின் பிரம்மகிரியில் தோண்டி, தெற்கத்திய வரலாற்றுக்கே அவர் ஒரு கால வரிசை போட்டார். வெளிநாட்டுச் சட்டி உடைந்ததால் நம் சட்டிக்கு வயது தெரிந்தது. இதில் எனக்குக் கொஞ்சம் கூச்சமும் உண்டு, நன்றியும் உண்டு.

ஆனால் அதே அவசரத்தில் வீலர் தன் அறிக்கைக்கு 'இந்திய-ரோமானிய வணிக நிலையம்' என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. 1989க்கும் 1992க்கும் இடையே விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டினார்கள். ரோமானியச் சரக்கு வந்து இறங்குவதற்கு முன்னாலேயே இங்கே ஊர் இருந்தது, அது நின்ற பிறகும் ஆள் நடமாட்டம் இருந்தது என்று காட்டினார்கள். மேற்கிலிருந்து வந்ததாக வீலர் நினைத்த உருள்வரிப் பானைகூட இந்தியாவில் செய்ததுதான் என்று களிமண் சோதனைகள் பிற்பாடு சொல்லிவிட்டன. அதாவது இது ரோமானியர் கட்டிய ஊரே அல்ல. ரோமானிய ஜாடிகள் வந்து இறங்கிய தமிழ் ஊர். ஆனாலும் எங்கள் வாட்ஸப் அழைப்பில் இருந்தது 'ரோமானிய இடிபாடுகள்'தான். 'பழைய தமிழ்த் துறைமுகம்' என்று போட்டிருந்தால் வேன் நிறைந்திருக்குமா? தெரிந்த பதில்தான்.

மத்தியானம் புதுச்சேரி மியூசியம். அரிக்கமேட்டு மணிகள், ஓடுகள். சித்தப்பா ஆம்போராவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். நான் படித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அரிக்கமேட்டு ஆம்போராக்களை எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர் ஆராய்ந்தார். இத்தாலியக் கம்பானியாவின் ஜாடிகள் இருக்கின்றன. நிறைய ஜாடிகள் ஏஜியன் கடலில் இருக்கும் கோஸ் தீவின் பாணி. ஒவ்வொரு பிடியும் இரண்டு குச்சியை ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். கோஸ் ஒயினுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதில் கடல்தண்ணீர் கலப்பார்கள். ரோமானியர் கேட்டோ தன் விவசாய நூலில் அந்தச் செய்முறையையே எழுதி வைத்திருக்கிறார். உப்பு சேர்ந்தால் ஒயின் கெடாமல் தாங்கும். ஜாடிக்குள் பிசின் பூசுவார்கள். அந்தப் பிசினின் கறை அரிக்கமேட்டுச் சில்லுகளின் உள்பக்கத்தில் ஒட்டியே இருந்தது.

"உப்புத்தண்ணி கலந்த சாராயத்தையா காசு குடுத்து வாங்கினாங்க?" என்றார் சித்தப்பா.

வாங்கினார்கள். நிறைய இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, முசிறிப் பக்கம் ஒயின் இறங்கும், ஆனால் அதிகமில்லை என்கிறது. அதே நூல் பொதுகே என்று சொல்லும் துறைமுகத்தைத்தான் பலரும் புதுச்சேரி, அரிக்கமேடு என்று கொள்கிறார்கள். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் குடிப்பதைச் சொல்கிறார். ராஜா குடித்தான். மற்றவர்கள் குடித்தது வேறு.

அந்த வேறு என்ன என்பதற்கு எங்கள் ஏரிக்காரனின் பாட்டிலேயே பதில் இருக்கிறது. இளந்திரையனிடம் பரிசு வாங்கப் போகும் பாணன் வழியில் வலைஞர் குடியிருப்பில் தங்குகிறான். அங்கே கள் செய்யும் முறையே வருகிறது. அரிசியைக் களியாகத் துழாவி, ஆறவைத்து, முளைவிட்ட தானியத்தை இடித்துக் கலந்து, வலிய வாயுள்ள சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் ஊறவைத்து, பிழிந்து எடுப்பது. கூடவே சுட்ட மீன். யாராவது இன்றைக்குச் செய்து பார்க்கலாம், சட்டம் விட்டால்.

சாயங்காலம் கள்ளுக்கடை. கீற்றுக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலி, ஜக்கில் தென்னங்கள். சுண்டல், நெத்திலி வறுவல். பிளாஸ்டிக் டம்ளரில் வந்ததை முதலில் மோந்து பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். இரண்டாவது வாயில் பழகிவிட்டார்கள். இனிப்பு, பின்னால் புளிப்பு, அடியில் லேசாக ஈஸ்ட் வாசனை. காலையில் இறக்கியது, மத்தியானத்துக்கு மேல் ஏறிவிடும், நாளைக்கு வாயில் வைக்க முடியாது என்றார் கடைக்காரர். "இது டிராவல் ஆவாது சார்."

எனக்கு அங்கேதான் உறைத்தது. டிராவல் ஆகாது. கோஸ் ஒயின் கப்பலேறி, செங்கடல் வந்து, பருவக்காற்றைப் பிடித்து இங்கே வரும். அதற்குக் கனமான ஜாடி வேண்டும், ஜாடிக்குப் பிசின் வேண்டும். ஜாடி உடைந்தால் இரண்டாயிரம் வருஷம் மண்ணில் கிடக்கும். நம் கள் மரத்திலிருந்து கலயத்துக்கும், கலயத்திலிருந்து வாய்க்கும், அதே நாளில் போய்விடும். அகழாய்வில் அது ஒரு சில்லாகக்கூடத் தேறாது. நாம் ரோமானிய வணிகம் என்று எண்ணிக்கொண்டிருப்பது ஒருவகையில் காலி ஜாடிகளைத்தான்.

சித்தப்பா கள்ளைத் தொடவில்லை, சுண்டல் மட்டும். "சரி, ஒயின் வந்துச்சு. இங்கேருந்து என்ன போச்சு?" காலையில் கேட்டது முழுசாகத் திரும்பி வந்திருந்தது.

மிளகு போனது. முத்து, மணி, துணி போயின. வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று பிளினி புலம்பியிருக்கிறார். வீலர் அரிக்கமேட்டில் வடிகாலோடு செங்கல் தொட்டிகளைக் கண்டார். மஸ்லின் துணிக்குச் சாயம் ஏற்றிய இடமாக இருக்கலாம் என்று ஊகித்தார். அந்த வரைபடத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "சாயத்தொட்டியா இருக்கலாம், தானியம் ஊறவைக்கிற தொட்டியாவும் இருக்கலாம். சாயம்னா கறை இருந்திருக்கணுமே, கறை இருந்துச்சான்னு எழுதலியா?" என்று கேட்டார். வீலரை நேரில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

துணி இங்கே மிஞ்சவில்லை. நம் மழையும் கரையானும் விடுமா? எகிப்தின் செங்கடல் கரையில், பெரெனிகே என்ற பாழடைந்த துறைமுகத்தில் மிஞ்சியிருக்கிறது. அங்கே மழை இல்லை. இந்தியப் பருத்தித் துணித் துண்டுகள், இந்தியப் பருத்தியில் நெய்த கப்பல்பாய்த் துண்டுகள், ஒரு கோயிலில் இந்தியப் பானை நிறைய 7.5 கிலோ மிளகு.

அரெட்சோ சட்டிகளின் அடியில் முத்திரை இருக்கும். செய்த பட்டறையின் பெயர். அரிக்கமேட்டுச் சட்டி ஒன்றில் காமுரி என்ற பெயர் இருந்தது. எங்கோ இத்தாலியில் களிமண் பிசைந்தவனின் பட்டறைப் பெயர் இங்கே மாந்தோப்பில் படிக்கக் கிடைக்கிறது. அந்தச் சட்டிக்குப் பதிலாகப் போன மஸ்லினை நெய்தவன் பெயர் எங்கேயும் இல்லை. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன். சித்தப்பா அலட்டிக்கொள்ளவில்லை. "புடவைல கடை பேருதான்டா இருக்கும். எப்பவும் அப்டித்தான்."

திரும்பி வரும்போது வேனில் பாட்டு, அந்தாக்ஷரி, அப்புறம் தூக்கம். திண்டிவனம் தாண்டிய பிறகு சித்தப்பா தானாகவே பேச ஆரம்பித்தார். வயசுப் பையனாக இருந்தபோது ஒவ்வொரு பாவு முடியும் இடத்திலும் ஒரே ஒரு ஊடை இழையை வேறு நிறத்தில் ஓட்டிவிடுவாராம். முந்தானை ஓரத்தில், மடித்துத் தைத்தால் தெரியாத இடத்தில். ஏழெட்டுப் புடவை அப்படிப் போனது. ஒருமுறை முதலாளி கண்டுபிடித்துவிட்டார். டேமேஜ் என்று கூலியில் பிடித்தார்கள். அதோடு விட்டாயிற்று.

"என்ன கலர்?" என்றேன்.

"பச்சை. அரக்குப் புடவைல பச்சை."

நான் அவருக்குப் பெரெனிகேயில் கிடைத்த இன்னொரு ஓட்டைப் பற்றிச் சொன்னேன். ஒயின் ஜாடியின் சில்லு. அதில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு பெயர் கீறியிருக்கிறது. ஐராவதம் மகாதேவன் படித்தது: கொற்றபூமான். யாரோ ஒரு தமிழன், எகிப்தில் ஒரு ஜாடியில் தன் பெயரைக் கீறியிருக்கிறான்.

"ஒயின் ஜாடிலயா?"

"ஆமா. காலி ஜாடில எழுதினானா, நிறைஞ்ச ஜாடில எழுதினானான்னு தெரியாது."

"நிறைஞ்சதுலதான் எழுதியிருப்பான். காலி ஜாடிக்கு எவன்டா பேரு போடுவான்" என்றார். வாலாஜாபாத் வருவதற்குள் தூங்கிவிட்டார். ஏரிக்கரையில் வேன் நின்றபோது நான்தான் எழுப்ப வேண்டியிருந்தது.