இனிப்பில் எதற்கு உப்பு? இரும்புச் சட்டி பிஸ்கட்டின் கதை



தம்பியின் அறுபதாம் கல்யாணத்துக்கு என் பேத்தி செய்த பிஸ்கட்டின் படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். இரும்புச் சட்டி நிறைய ஒரே வட்டமாக வெந்து, மேலே மல்லாட்டையும் உப்பும் தூவியது. வந்த கேள்விகள் இரண்டு வகை. "டீச்சர், இனிப்புல எதுக்கு உப்பு?" என்று மாணவர்கள். "அதிரசம் சுடற வீட்ல வெள்ளைக்காரன் பண்டம் எதுக்கு அக்கா?" என்று உறவினர்கள். சமூக அறிவியல் நடத்தியவளிடம் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உப்பு. பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடும் பழக்கம் நம் வீடுகளில் பலருக்கும் உண்டு. கொஞ்சமாகச் சேர்க்கும் உப்பு நாக்கில் கசப்பை அமுக்கிவிடும். அதனால் இனிப்பு தூக்கலாகத் தெரியும். ஹைதராபாத்தில் இரானி டீயோடு தருகிற உஸ்மானியா பிஸ்கட்டும் இனிப்பும் உப்பும் கலந்ததுதான். 1911 முதல் 1948 வரை ஆண்ட கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் பெயரைத் தாங்கியது அது. ஆக, இந்தச் சுவை நமக்குப் புதிதல்ல.

இப்போது 'வெள்ளைக்காரன் பண்டம்' என்பதற்கு வருவோம். கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் வித்தை இந்தியாவில் வளர்ந்தது. சமஸ்கிருதத்துச் சர்க்கராதான் பாரசீகத்தில் ஷக்கர், அரபியில் சுக்கர், ஆங்கிலத்தில் சுகர் என்று ஊர் ஊராகப் போனது. இதற்கு நேர்மாறாக, நம் மாவட்டமே தன்னுடையது என்று நினைக்கும் மல்லாட்டை தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். சாக்லேட்டுக்கான கொக்கோவும் அந்தக் கண்டத்துக்காரன்தான்.

குக்கீ என்ற சொல் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சின்ன கேக் என்று பொருள். அந்த டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியர் அல்லர். 1610-இல் பழவேற்காட்டில் பண்டகசாலை வைத்தார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். எதற்காக? துணிக்காக. சோழமண்டலக் கரையில் நெய்த துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கிழக்கே தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க முடியும். தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த ஆரணிப் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குஜராத்தின் சூரத்துக்கும் அவர்கள் துணிக்காகவே போனார்கள். அங்கே ரொட்டி அடுப்பு வைத்திருந்த டச்சுக்காரர்கள் கிளம்பும்போது அதைப் பார்சிக்காரர் ஒருவரிடம் விட்டுப் போனதாகச் சொல்வார்கள். ரொட்டி மாவு புளிக்கக் கள் ஊற்றும் வழக்கம் அப்போது இருந்தது. கள்ளுக்கும் முட்டைக்கும் பயந்து உள்ளூர்க்காரர்கள் தொடவில்லை. இரண்டையும் விட்டுவிட்டு மாவு, சர்க்கரை, நெய் மட்டும் வைத்துச் சுட்டதுதான் நான்கட்டாய் என்பது அந்த ஊர்க் கதை. 'நான்' என்றால் பாரசீகத்தில் ரொட்டி. நம் பேக்கரிகளில் நெய் பிஸ்கட் என்று கேட்டு வாங்குவதும் அதன் உறவுதான்.

நம் பக்கத்தில் கேரளத்துத் தலச்சேரியைச் சொல்ல வேண்டும். பர்மாவில் பிஸ்கட் தொழில் செய்த மாம்பள்ளி பாப்பு 1880-இல் அங்கே பிஸ்கட் ஆலை தொடங்கினார். 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரர் இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் காட்டி, இதுபோல் செய்ய முடியுமா என்று கேட்க, உள்ளூர்ச் சரக்கை வைத்தே செய்து கொடுத்தார்.

கள் மட்டுமே தடை என்று நினைத்துவிடாதீர்கள். யார் கை பட்டது என்பதுதான் பெரிய தடை. 1846-இல் வங்காளத்தில் ராஜ்நாராயண் பாசு பிரம்ம சமாஜத்தில் சேர்ந்த அன்று, சாதியை ஏற்கவில்லை என்று காட்டப் பிஸ்கட்டும் ஷெர்ரி மதுவும் பரிமாறினார்கள். பிஸ்கட் தின்பதே அன்று ஒரு கலகம்! அந்நாளில் முஸ்லிம்கள் சுட்ட பண்டம் என்பதுதான் காரணம். 1898-இல் தில்லியில் தொடங்கிய இந்து பிஸ்கட் கம்பெனியோ, உயர்சாதியார் மட்டுமே தொட்டுச் செய்தது என்று விளம்பரம் செய்து விற்றது.

இது எங்கோ நடந்த கதையும் அல்ல. எங்கள் தெருவில் ஒரு முஸ்லிம் அத்தை இருந்தார். ரம்ஜானுக்கு நான்கட்டாய் சுடுவார். அடுப்பில் தணல், சட்டி மூடியின் மேலும் தணல். இரண்டு பக்கமும் சூடு கிடைத்தால் அதுவே பேக்கரி அடுப்பு. தட்டு நிறைய எங்கள் வீட்டுக்கு அனுப்புவார். எங்கள் ஆயா சிரித்த முகத்தோடு வாங்கி வைப்பார். ஒன்றுகூடத் தின்னமாட்டார், எங்களையும் தின்னவிடமாட்டார். அந்த அத்தைக்கு அது தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வருடமும் தட்டு வந்தது. படித்த படிப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராத வரலாறு அந்தத் தட்டில் இருந்தது.

தம்பியின் விசேஷத்தில் சட்டியிலிருந்து முதல் துண்டை உடைத்தது அந்த அத்தையின் மகள். வயதில் தம்பிக்கு மூத்தவர் என்பதால் பேத்தி அவரைத்தான் கூப்பிட்டாள். பிறகு எல்லோரும் அதே சட்டியில் கைவைத்துப் பிய்த்துத் தின்றோம். லட்டு ஆளுக்கொன்றாகக் கைக்கு வரும். இதற்கு நாலு பேர் ஒன்றாக உட்கார வேண்டும். அதிரசமும் அன்று இருந்தது, கவலைப்படாதீர்கள்.

செய்முறை கேட்டவர்களுக்கு: 115 கிராம் வெண்ணெயை 100 கிராம் நாட்டுச்சர்க்கரை, 50 கிராம் வெள்ளைச் சர்க்கரையோடு குழைக்கவும். 200 கிராம் மைதா, அரை டீஸ்பூன் சமையல் சோடா, கால் டீஸ்பூன் உப்பு, பிசைய மூன்று ஸ்பூன் பால். முட்டை வேண்டாம். சாக்லேட் துண்டுகள் ஒரு கை, வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டை ஒரு கை. நெய் தடவிய இரும்புச் சட்டியில் தட்டி, மேலே நுணுக்கிய கல் உப்பை ஒரு சிட்டிகை மட்டும் தூவவும். அடி கனத்த பெரிய பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடிப் பத்து நிமிடம் காய்ச்சி, உள்ளே ஒரு வளையம் வைத்து அதன்மேல் சட்டியை வைத்து மூடுங்கள். சிறு தீயில் 35 முதல் 40 நிமிடம். நடு கொஞ்சம் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். இரும்பின் சூட்டில் மீதி வெந்துவிடும்.

மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யார் வீட்டுப் பலகாரத்தைத் தின்றார்கள், யார் வீட்டுடையதை வாங்கி வைத்துவிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சண்டை போடாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படித்துப் பதில் போடுவேன்.

உங்கள் டீச்சர்,
ஆரணி