பல்கலைக்கழகத்தில் இசை படிக்கப்போகும் பிள்ளை: 12ஆம் வகுப்புப் பாடங்களைத் தெரிவது எப்படி?

ஒன்ராறியோவில் அடுத்த கல்வியாண்டுக்கான பாடத்தெரிவு மாரிகாலத்தில் நடக்கிறது. பிள்ளை "நான் இசைதான் படிக்கப்போகிறேன்" என்று சொல்லும். நாங்கள் "எதற்கும் உயிரியலும் இரசாயனமும் இருக்கட்டும்" என்போம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எமக்கு, பிள்ளையின் கையில் உறுதியான ஒரு தொழில் இருக்கவேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் அந்தப் பயத்தோடு பாடங்களைத் தெரிந்தால் சில வேளை இரண்டும் கெட்டுப்போகும். விருப்பமில்லாத பாடங்கள் மொத்தச் சராசரியை இறக்கிவிடும். அவற்றுக்குப் போகும் நேரம் சாதகத்தைத் தின்றுவிடும்.

ஆறு பாடக் கணக்கு

ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்குப் பார்ப்பது 12ஆம் வகுப்பின் 4யூ அல்லது 4எம் வகைப் பாடங்கள் ஆறினை. 4யூ ஆங்கிலம் அதில் கட்டாயம். பாடசாலையில் படிப்பிக்கும் 12ஆம் வகுப்பு இசை 4எம் வகையானது. அதை எடுப்பதற்கு 11ஆம் வகுப்பு இசையை முடித்திருக்க வேண்டும். ஆகவே 10ஆம் வகுப்பில் இருக்கும்போதே யோசிக்கத் தொடங்குவது நல்லது.

வெளியே படித்த இசைக்கும் திறமைச்சித்தி, அதாவது கிரெடிற், கிடைக்கும். ரோயல் கொன்சவேற்றரியின் 7ஆம் நிலைச் செய்முறையும் கோட்பாடும் சித்தியடைந்தால் 11ஆம் வகுப்புக்கு ஒன்று. 8ஆம் நிலையில் இரண்டும் சித்தியடைந்தால் 12ஆம் வகுப்புக்கு ஒன்று. செய்முறையை மட்டும் முடித்துவிட்டுக் கோட்பாட்டைத் தள்ளிப்போட்டால் இது கிடையாது. எங்கள் பிள்ளைகள் பலர் தவறவிடும் இடம் இதுதான். இந்தக் கிரெடிற்றை ஆறில் ஒன்றாகச் சேர்ப்பார்களா என்பதை விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்திடமே கேட்டுக்கொள்ள வேண்டும். கர்நாடக இசைத் தரப் பரீட்சைச் சான்றிதழும் அப்படியே கிரெடிற் ஆகிவிடும் என்று எண்ணியிருக்கக் கூடாது. பாடசாலை வழிகாட்டல் ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கர்நாடக இசை பயின்ற பிள்ளைக்கு

ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் திருச்சி சங்கரனும் ஜோன் ஹிகின்ஸும் 1971இலேயே தென்னிந்திய இசைக் கல்வியைத் தொடக்கிவைத்தார்கள். எங்கள் இசை இந்த நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் புதிதல்ல. என்றாலும் இசைப் பட்டப்படிப்புக்கான நேர்முக வாசிப்புத் தேர்வுகள் பெரும்பாலும் மேற்கத்திய செவ்விசையையோ ஜாஸையோ ஒட்டியவை. புதிய சுரத்தாளைப் பார்த்த உடனே வாசித்தல், செவிப்பயிற்சி, எழுத்துமூலக் கோட்பாடு ஆகியவற்றையும் பல இடங்களில் சோதிப்பார்கள். பத்து வருடம் வயலின் படித்த பிள்ளைக்கு நல்ல காதும் தாள ஞானமும் இருக்கும்; ஆனால் ஐந்து கோட்டுச் சுரத்தாளை வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். அதைக் கடைசி வருடத்தில் முதலிலிருந்து தொடங்குவது கடினம். மிருதங்கம், வீணை, வாய்ப்பாட்டு ஆகியவற்றை ஏற்பார்களா என்பதை இசைத் துறைக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சப் பாடங்கள்

ஆங்கிலம், இசை போக மீதி நான்கையும் பிள்ளை போக நினைக்கும் வழியைப் பார்த்துத் தெரியலாம். உயர்பாடசாலை இசை ஆசிரியராக விரும்பினால், ஒன்ராறியோவில் அந்த நிலைக்கு இரண்டு கற்பித்தல் பாடங்கள் தேவை. ஆகவே பிரெஞ்சு, கணிதம், வரலாறு போன்ற ஒன்றில் நல்ல அடித்தளம் வேண்டும். ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்தில் நாட்டமிருந்தால் பௌதிகமும் கணிதமும் உதவும். வில்பிரிட் லோரியே பல்கலைக்கழகத்தில் உள்ளது போன்ற இசைச் சிகிச்சைப் படிப்பை நினைப்பவர்களுக்கு உளவியல் சார்ந்த சமூக அறிவியல் பாடம் பொருந்தும்.

மனம் மாறினால் என்ன செய்வது என்று பயப்படும் பெற்றோருக்கு ஒரு யோசனை: மூன்று விஞ்ஞானப் பாடங்களையும் சுமத்தாமல், பல துறைகளுக்குக் கதவு திறக்கும் 4யூ கணிதம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதுவும் பிள்ளையால் நல்ல புள்ளி எடுக்க முடியுமென்றால் மட்டும்.

நாட்காட்டியும் அரங்கேற்றமும்

விண்ணப்பத்துக்கான முக்கிய நாள் ஜனவரி நடுப்பகுதியில் வரும். வாசிப்புத் தேர்வுகள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும். முதல் தவணைப் பரீட்சையும் ஜனவரி கடைசியில்தான். ஆகவே முதல் தவணையில் ஆங்கிலத்தோடு பாரமான பாடம் ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். தேவையான கிரெடிற்றுகள் இருந்தால் ஒரு பாடவேளையை வெறுமையாக விட்டு, அந்த நேரத்தைச் சாதகத்துக்குக் கொடுங்கள். கணிதம் போன்றவற்றை இரண்டாம் தவணைக்குத் தள்ளலாம்.

அரங்கேற்றத்தை 12ஆம் வகுப்பின் இலையுதிர்காலத்தில் வைக்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. மண்டபம், அழைப்பிதழ், பக்கவாத்தியக்காரர், விருந்தினர் என்று அந்த மாதங்கள் முழுதும் போய்விடும். பிள்ளை அரங்கேற்ற உருப்படிகளையும் தேர்வு உருப்படிகளையும் ஒன்றாகச் சுமக்கவேண்டி வரும். குருவோடு கதைத்து, அதை 11ஆம் வகுப்பு முடியும் கோடைக்கு முன்தள்ளுங்கள், அல்லது தேர்வுகள் முடிந்த பிறகு வையுங்கள்.

பாடத்தெரிவுக்கு முன் ஒரு மாலை பிள்ளையோடு இருந்து, அவர் விரும்பும் மூன்று பல்கலைக்கழகங்களின் நிபந்தனைகளை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். எந்தப் பாடம் தேவை, எது எங்கள் பயத்துக்காக மட்டும் இருக்கிறது என்பது அந்தத் தாளிலேயே தெரியும்.