நொதுமலர் கண்ட பந்தாட்டம்

நடுவு நிலைமை என்னும் அதிகாரத்திற்கு விளக்கம் வகுக்கப் புகுந்த பரிமேலழகர், மாந்தரைப் பகைவர், நண்பர், நொதுமலர் என மூவகைப்படுத்துவார். பகையும் நட்பும் இல்லாதவரே நொதுமலர். இச்சொல் இன்று ஏட்டளவில் நின்றுவிட்டது. ஆயினும் ஐதராபாத்திலும் சிகந்தராபாத்திலும் வாழும் தமிழர்களாகிய நாம், உலகக் கால்பந்துப் போட்டி வரும்போதெல்லாம் அந்நொதுமலர் நிலையையே மேற்கொள்கிறோம். ஆடுவோர் இருவரும் நம்மவர் அல்லர். எனினும் கண்விழித்துப் பார்க்கிறோம்.

1986ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் இரவு நம் நினைவை விட்டு அகலாதது. மெக்சிகோ நகரில் நண்பகலில் தொடங்கிய அர்ஜென்டினா, இங்கிலாந்து ஆட்டம் நமக்கு இரவு பதினொன்றரை மணிக்குத் தூரதர்சனில் தெரிந்தது. தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் சிலவே. அவ்வீடுகளின் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்தவர்களுள் தமிழர், தெலுங்கர், உருது பேசுவோர் என எல்லாரும் இருந்தனர். எங்கள் வீட்டு மூதாட்டியார் உறக்கம் கலைந்து எழுந்து வந்து, “இதுல நம்ம ஆளு யாருப்பா?” என்று வினவினார். ஒருவரும் இல்லை என்றோம். “அப்புறம் எதுக்கு இப்படி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க?” என்றார். விடை சொல்ல எவருக்கும் இயலவில்லை. கால் மணி நேரம் கழிந்ததும் அவரே மரடோனாவின் பக்கம் சாய்ந்துவிட்டார். முதல் கோல் கையால் தட்டப்பட்டது என்பதைத் திரும்பக் காட்டிய படத்தில் நாங்கள் கண்டு கூச்சலிட்டபோது, “பாவம், குள்ளப் பிள்ளை, தலை எட்டலை” என்று தீர்ப்பும் வழங்கினார். நடுவு நிலைமை கால் மணி நேரத்திற்கு மேல் தாங்குவதில்லை என்பது அன்றே நமக்குப் புலப்பட்டது.

ஆனால் மூதாட்டியாரின் முதல் வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இதே ஊரில், அவ்வினாவிற்கு விடை கூறப் பிறநாட்டை நாட வேண்டாத காலம் ஒன்று இருந்தது.

சையத் அப்துல் ரகீம் என்பார் 1909இல் பிறந்தவர், உசுமானியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர், பள்ளி ஆசிரியர். 1943இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். 1950 முதல் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சி அளித்தார். அவ்வணி 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பம்பாயில் ரோவர்சு கோப்பையை வென்றது. சில்லாண்டுகளில் இந்திய அணியையும் அவரே பயிற்றுவிக்கலானார்.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியாவிடம் இந்தியா பத்துக்கு ஒன்று என்று தோற்றது. நம்மவருள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். தோற்ற அணிகள் மூட்டை கட்டுவது வழக்கம். ரகீமின் கண்ணோ பிறர் ஆட்டத்தின் மேல் சென்றது. அவ்வாண்டு தங்கம் வென்ற ஹங்கேரியர், முன்னணியின் நடு ஆட்டக்காரரைப் பின்னுக்கு இழுத்து எதிரணிக் காப்பாளரைத் திகைக்கச் செய்த முறையை அவர் உள்ளத்தில் வாங்கிக்கொண்டு, தம் அணியிலும் கையாண்டார். நொதுமலராய்ப் பார்ப்பவரும் ஆட்டத்தைப் பயன்கொள்ளுமாறு பார்க்கலாம் என்பதற்கு இப்பள்ளி ஆசிரியரை விடச் சான்று வேண்டுவதில்லை. நாமோ நிலக்கடலை கொறித்துக்கொண்டு பார்க்கிறோம்!

நான்காண்டுகள் கழித்து மெல்போர்னில் அதன் விளைச்சலைக் கண்டனர். ஹங்கேரி போட்டியிலிருந்து விலகியதால் முதற்சுற்று ஆடாமலே கிட்டியது. அடுத்து ஆத்திரேலியாவை நாலுக்கு இரண்டு என்று வென்றனர். நெவில் டிசௌசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி இந்தியாவே. அரையிறுதியிலும் முதல் கோல் நம்முடையதே. பின்னர் யூகோசுலாவியர் நான்கு போட்டனர். வெண்கலத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியா வென்றது. நான்காம் இடம் என்பது பதக்கப் பட்டியலில் இடம்பெறாத இடம். ஆகவே புத்தகங்களிலும் அதற்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன.

அவ்வணியில் ஐதராபாத்துக்காரர் பலர். அவர்களுள் தமிழ்க் குடும்பங்கள் பெருமையோடு சுட்டத்தக்கவர் இருவர். ஒருவர் துளசிதாசு பலராமன். 1936இல் சிகந்தராபாத் படைமுகாமை ஒட்டிய அம்முகூடா என்னும் ஊரில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர். பொலாரம் பக்கம் குடியிருக்கும் நம்மவர் எத்தனையோ பேர் நாள்தோறும் அம்முகூடாவைக் கடந்துசெல்கின்றனர். அவ்வூர் ஈன்ற ஆட்டக்காரரை எத்தனை பேர் அறிவர்? 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் இந்தியாவின் கோலை அடித்தவர் அவரே. இரண்டிலும் தோல்விதான், ஆயினும் ஹங்கேரி அன்று பெற்ற வெற்றி இரண்டுக்கு ஒன்று என்ற சிறு வேறுபாட்டினதே. நோயின் காரணமாக 1963இலேயே ஆட்டத்தை விட்ட பலராமன், 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார்.

மற்றவர் பீட்டர் தங்கராசு. 1935இல் ஐதராபாத்தில் பிறந்து, சிகந்தராபாத்துக் குழுக்களில் ஆடி, நீலகிரி வெலிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவு மையத்தில் சேர்ந்தவர். முதலில் முன்னணியில் ஆடியவர், பின்னர் கோல் காப்பவரானார். நெடிய உருவத்தினர், 1967இல் அருச்சுனா விருது பெற்றார்.

1962ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் சகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தை ஈண்டுச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். இசுரேலையும் தைவானையும் இந்தோனேசியா அழைக்க மறுத்தது. அதனைக் கண்டித்து, இதனை ஆசிய விளையாட்டு என்றே அழைத்தல் கூடாது என இந்தியரான ஜி. டி. சோந்தி கூறினார். அதனால் ஊரார் சினம் கொண்டனர். ஏறக்குறைய ஓரிலக்கம் பேர் நிறைந்த அரங்கம் நம் ஆட்டக்காரரை இகழ்ந்து கூவியது. நொதுமலராய் இருக்க வேண்டிய கூட்டம் பகையாய் மாறிய நாள் அது. அன்று நமக்காகக் குரல் கொடுத்தவர் பாகிசுதான் ஹாக்கி அணியினரே என்று ஆடியவர்களே பின்னாளில் கூறியுள்ளனர். எல்லைக்கு இப்பால் நின்று எண்ணுங்கால் இது வியப்பாக இருக்கும். அயலூரில் அல்லலுற்றவனுக்கு அண்டை வீட்டான் துணைவரும் இயல்பை அறிந்த நமக்கோ வியப்பு இல்லை.

முதற்சுற்றில் அதே தென்கொரியாவிடம் இரண்டு கோலில் தோற்றிருந்த அணி அது. காப்பாளர் பிரத்யுத் பர்மனுக்கு உடல்நலம் குன்றவே, தங்கராசு இறுதியாட்டத்தில் கோலில் நின்றார். தலையில் தையலிட்ட காயத்துடன் சர்னைல் சிங் முன்னணியில் இறக்கப்பட்டார். பி. கே. பானர்ஜி 17ஆம் நிமிடத்திலும் சர்னைல் 20ஆம் நிமிடத்திலும் கோல் போட்டனர். கொரியா கடைசி ஐந்து நிமிடம் இருக்கையில் ஒன்று போட்டது. அதற்கு மேல் தங்கராசு விடவில்லை. இரண்டுக்கு ஒன்று, தங்கம் இந்தியாவுக்கு. ஒன்பது மாதங்கள் கழிந்து, 1963 சூன் 11இல் ரகீம் புற்றுநோயால் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதன் பின்னர் இந்தியா தங்கம் வென்றதில்லை.

இடைப்பட்ட கதையை விரைந்து கடப்போம். ஐதராபாத்தில் கால்பந்து தேய்ந்தது, கிரிக்கெட்டு வளர்ந்தது, ஃபதே மைதானம் லால் பகதூர் விளையாட்டரங்கு ஆயிற்று. 2008இல் ஆசிய சேலஞ்சு கோப்பை இந்நகருக்கு வந்தது; இறுதியாட்டமோ தில்லியில் நடந்தது. அங்கே தசிகிசுதானுக்கு எதிராக மூன்று கோல் அடித்த சுனில் சேத்ரியும் சிகந்தராபாத்தில் பிறந்தவரே என்பதை இங்குள்ளோர் அடிக்கடி சொல்லி மகிழ்வர்.

2024 செப்டம்பரில் கச்சிபௌலி அரங்கில் கண்டங்களிடைக் கோப்பை நடந்தது. இந்தியா, சிரியா, மொரீசியசு என மூன்றே அணிகள். 3ஆம் நாள் இந்தியாவும் மொரீசியசும் மோதின. மொரீசியசு நாட்டின் பணத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. கரும்புத் தோட்டத்திற்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே உள்ளனர். உலகத் தரவரிசையில் இந்தியா 124, அவர்கள் 179. இந்தியாவுக்காகவே கை தட்டினோம். ஆனால் அவர்கள் ஒரு பந்தைத் தடுத்தபோதும் கை தானாக உயர்ந்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். கோலின்றி ஆட்டம் முடிந்ததில் நமக்குள் ஒரு நிம்மதி இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

6ஆம் நாள் சிரியாவும் மொரீசியசும் ஆடின. இன்றாவது நடுவு நிலைமை சிதையாது, அல்லது ஐயமின்றி மொரீசியசு பக்கமே சிதையும் என்று எண்ணிச் சென்றோம். ஆனால் சிரியரைப் பாருங்கள். 2011இல் போர் மூண்டது முதல் தம் நாட்டு மண்ணில் பன்னாட்டு ஆட்டம் ஆட வாய்ப்பின்றி, சொந்த ஊர் ஆட்டத்தையும் அயல்நாட்டுத் திடல்களில் ஆடி வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு எல்லாத் திடலும் நொதுமல் திடலே. எழுத்தால் உறவினர் ஒருபுறம்; ஊரின்றி ஆடுவோர் மறுபுறம். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கை தட்டினோம்.

சிரியா இரண்டு கோலில் வென்றது. 9ஆம் நாள் இந்தியாவையும் மூன்று கோலில் வென்று கோப்பையைப் பெற்றது. தோற்ற வருத்தத்தோடு, அவர்கள் கோப்பையை உயர்த்தும் வரை எழாமல் இருந்து பார்த்தோம். பின்னர் சிகந்தராபாத்துப் பேருந்தைத் தேடிப் புறப்பட்டோம்.