பெயரும் எண்ணும்

கதை எழுதுகிறவனுக்குப் பெயர் பெரிய விஷயம். கம்ப்யூட்டருக்கோ எல்லாம் எண்தான். பெயர் வேண்டியிருப்பது அதற்குப் புரோகிராம் எழுதும் மனிதனுக்கு. இந்தப் பேதத்தில் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது.

1970-இல் ஜூரிச் நகரப் பேராசிரியர் நிக்லாஸ் விர்த் 'பாஸ்கல்' என்ற கம்ப்யூட்டர் பாஷையை வெளியிட்டார். அதில் சிவப்பு, பச்சை என்று பெயர்களை வரிசையாக அடுக்கி ஒரு தனி இனம் என்று அறிவித்துவிடலாம். அந்த இனத்தை வேறோர் இனத்தோடு ஒப்பிட்டால், எழுதியதை யந்திர பாஷைக்கு மாற்றும் கம்பைலர் 'முடியாது' என்று மறுத்துவிடும்.

அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய 'சி' பாஷையின் சுபாவம் வேறு. எழுதுகிறவன் விவரம் தெரிந்தவன் என்று அது நம்பிற்று. பிற்பாடு அதிலும் பெயர் வரிசைகள் வந்தன. ஆனால் 1989-இல் வகுத்த அமெரிக்கத் தர விதிகள் அந்தப் பெயர்களை வெறும் முழு எண்களாகவே மதித்தன. முதல் பெயர் 0, அடுத்தது 1.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? ஒரு ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்குச் சிவப்பு 0, பச்சை 1. கேட்டுக்குத் திறந்தது 0, மூடியது 1. 'கேட் திறந்ததா?' என்று கேட்க வேண்டியவர், கைதவறி 'விளக்கு திறந்ததா?' என்று எழுதிவிடுகிறார். கேட் திறந்திருக்கையில் விளக்கு சிவப்பு. பூஜ்யமும் பூஜ்யமும் பொருந்த, பதில் சரியாகவே வருகிறது! ஒருநாள் வேறொருவர் கேட் வரிசையின் தலையில் 'பழுது' என்று ஒரு பெயரைச் சேர்க்கிறார். திறந்தது 1 ஆகிவிடுகிறது. அன்று முதல் திறந்த கேட்டை மூடியது என்றும், மூடியதைத் திறந்தது என்றும் யந்திரம் சாதிக்கும்.

இந்த அபாயத்தை அந்தக் கூடத்திலேயே உணர்ந்திருந்தார்கள். ஸ்டீபன் ஜான்சன் 1970-களில் எழுதிய 'லின்ட்' என்ற சோதனைப் புரோகிராம், ஓர் இனப் பெயரை இன்னோர் இனத்தோடு கலக்கக் கூடாது என்று கண்டித்தது. லின்ட் என்றால் துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறு. பின்னாளில் கம்பைலர்களே அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. ஆனால் அது எச்சரிக்கைதான், தடை அல்ல. ஒரு வரி முணுமுணுத்துவிட்டுக் காரியத்தை முடித்துக் கொடுத்துவிடும். அவசரக்காரர் அதைப் படிப்பதில்லை.

'சி'யின் வழிவந்த 'சி பிளஸ் பிளஸ்' 2011-இல், கலக்கவே முடியாத புதிய வரிசைகளைத் தந்தது. பழைய வரிசைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது விரும்பத்தகாதது என்று 2020-இல் அறிவித்தது. விர்த் முதலிலேயே போட்ட வேலியைத் தேடி இத்தனை தூரம் சுற்றி வர வேண்டியிருந்தது.

எண் பொருந்திவிட்டால் யந்திரத்துக்குத் திருப்தி. பொருளும் பொருந்துகிறதா என்ற கவலை மனிதனுடையது. அந்தக் கவலையைத்தான் கம்பைலர் ஒரு வரியில் நினைவூட்டுகிறது. நின்று படிப்பதற்கு ஒரு நிமிஷம் போதும்.